ஓயெஸ் தளம்: தில்லியில் சட்டம் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு

அமெரிக்க உச்ச நீதிமன்ற வாதங்களின் 1955 முதலான ஒலிப்பதிவுகள் ஓயெஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒலி ஓட ஓட எழுத்தும் கூடவே நகரும், பேசுகிற நீதிபதி யார் என்றும் காட்டும். அதனால் மெட்ரோ இரைச்சலில் ஒரு வரி தப்பினாலும் கண்ணால் பிடித்துவிடலாம்.

நான் முதலில் கேட்கச் சொல்வது 2019 நவம்பரில் நடந்த காம்காஸ்ட் வழக்கைத்தான். பைரன் ஆலன் என்ற கறுப்பினத் தொழிலதிபரின் சேனல்களை எடுத்துக்கொள்ள அந்த கேபிள் நிறுவனம் மறுத்தது, இனம் பார்த்துத்தான் மறுத்தார்கள் என்று அவர் தரப்பு வழக்குப் போட்டது. ஆதாரமாக எடுத்தது 1866-ஆம் ஆண்டுச் சட்டம். அடிமை முறை ஒழிந்த கையோடு வந்தது, ஒப்பந்தம் செய்ய வெள்ளையருக்கு உள்ள அதே உரிமை எல்லாருக்கும் உண்டு என்பது. அந்தச் சட்டத்தை யாரும் நீக்கச் சொல்லவில்லை. இனமும் ஒரு காரணம் என்றால் போதாது, இனம் குறுக்கே வராவிட்டால் ஒப்பந்தம் கிடைத்திருக்கும் என்பதை வழக்கின் முதல் படியிலேயே சொல்லியாக வேண்டும் என்றது நிறுவனம். கேட்கக் கேட்க வயிறு எரிகிறது. உள்ளே நடந்த கடிதப் போக்குவரத்து நிறுவனத்திடம்தானே இருக்கும்? முதல் படியைத் தாண்டினால்தான் அதைக் கேட்டு வாங்க முடியும். லாஜ்பத் நகரில் வீடு தேடுகிற நம்மூர்ப் பையனிடம் "நீ மதராசி, அதனால் தர மாட்டேன்" என்று எந்த வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்வார்? "வீடு போயிடுச்சு" என்பார், அவ்வளவுதான், அதற்கு மேல் அவன் எதை வைத்து நிரூபிப்பான்?

2020 மார்ச்சில் ஒன்பது நீதிபதிகளும் நிறுவனம் சொன்ன அந்த அளவுகோலை ஏற்றார்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்களைக் காக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், வழக்குப் பதியும் முன்பே ஒரு முதற்கட்ட விசாரணையை நம் உச்ச நீதிமன்றம் 2018-இல் புகுத்தியபோது, நாடாளுமன்றம் அதே ஆண்டு திருத்தம் கொண்டுவந்து சரிசெய்தது. அதைத் தெரிந்தவர்களுக்கு இந்த வழக்கின் ஆபத்து சட்டென்று விளங்கும்.

தளத்தின் குறை என்றால், இதில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மட்டும்தான், கீழ் நீதிமன்றத் தீர்ப்பை வேறு இடத்தில் தேடிப் படிக்க வேண்டும். சட்டச் சொற்களுக்கு விளக்கமும் பெரிதாக இல்லை, புதிதாகக் கேட்பவர்கள் திணறுவார்கள். படித்துவிட்டுக் கேளுங்கள். அப்புறம், அந்த ஒன்பது பேரில் ஒருவரான நீதிபதி ஜின்ஸ்பர்க் தீர்ப்போடு தனியாக எழுதியதை விட்டுவிடாதீர்கள்: கடைசி முடிவில் மட்டுமல்ல, ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போதே காட்டும் பாகுபாடும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்கிறார். அடுத்து வழக்குப் போடுபவர்களுக்கு மிச்சமிருக்கும் பிடி அதுதான்.