மூடுல் தளம்: இலவசம்தான், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்

மார்ட்டின் டூகியாமாஸ் ஆஸ்திரேலியாவில் உருவாக்கி 2002இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் மூடுல் (Moodle). கல்லூரிகள் பாடம், அசைன்மென்ட், தேர்வு, மதிப்பெண் எல்லாவற்றையும் இணையத்தில் நடத்த உதவும் தளம் இது. உரிமக் கட்டணம் கிடையாது. சர்வருக்கும் அதைப் பார்த்துக்கொள்பவருக்கும்தான் செலவு. இந்த இரண்டாவது செலவை மிச்சம் பிடிக்கும் கல்லூரிகள்தான் பிறகு "எங்கள் பேராசிரியர்கள் இன்னும் தயாராகவில்லை" என்கின்றன. பல இடங்களில் தயாராகாமல் இருப்பது சர்வர்.

விடைத்தாள் பதிவேற்றத்தையே பாருங்கள். கைப்பேசியில் படமெடுத்த பத்துப் பக்கப் பிடிஎஃப் சாதாரணமாக 10 எம்பியைத் தாண்டும். மூடுல் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழியில் இயல்பாக இருக்கும் வரம்போ கோப்புக்கு 2 எம்பி. சர்வர், தளம், பாடம், அசைன்மென்ட் என்று நான்கு இடத்தில் வரம்பு உண்டு. மேலே உள்ளதைத் தாண்டிக் கீழே வைக்க முடியாது. ஆசிரியர் தேடும் 20 எம்பி அவர் பட்டியலில் வராததற்கு இதுதான் காரணம். சர்வரில் பின்னணியில் தானாக ஓட வேண்டிய கிரான் வேலை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவில்லை என்றால் அறிவிப்பு மின்னஞ்சல்களும் நேரத்துக்குப் போகாது. இதற்கெல்லாம் ஆசிரியர் என்ன செய்வார்?

மூடுலின் உண்மையான பலம் வினா வங்கி. அலகுக்கு 40 கேள்வி சேர்த்துவிட்டால் ஒவ்வொரு மாணவருக்கும் வெவ்வேறு 10 கேள்வி தானாக வரும். இணைப்பு நடுவில் அறுந்தாலும் கடைசியாகத் தானே சேமித்ததுவரை விடைகள் இருக்கும். இயல்பில் அந்த இடைவெளி ஒரு நிமிடம். ஆனால் மாணவர் தன் விடைத்தாளை எப்போது திரும்பப் பார்க்கலாம் என்று சொல்லும் மீள்பார்வை அமைப்பை மாற்ற மறந்தால், எழுதி முடித்தவருக்கு உடனே சரியான விடை தெரிந்துவிடும். பிறகு வாட்ஸ்அப் குழுவுக்குப் போக எவ்வளவு நேரம்! சரியான விடைக்கு, "தேர்வு மூடப்பட்ட பிறகு" என்பதில் மட்டும் டிக் போடுங்கள். 200 பேரை ஒரே நொடியில் தொடங்க விடவும் வேண்டாம். குழுவாகப் பிரித்து ஐந்து நிமிட இடைவெளி கொடுத்தால் சிறிய சர்வரும் தாங்கும்.

தமிழ்த்துறைக்கு வேறொரு தலைவலி. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாளை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடுக்கு மாற்றலாம், ஆனால் மொத்தமாக மாற்றினால் நடுவே உள்ள ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் குப்பையாகிவிடும். அவற்றை முதலில் தனியே எடுத்து வைக்க வேண்டும். பிறகு, கேள்விகளை மொத்தமாக இறக்குமதி செய்ய எய்க்கன் (Aiken) வடிவம் எளிது: கேள்வி ஒரே வரியில், விடைகளுக்கு முன் ஆங்கிலப் பெரிய எழுத்து, கடைசி வரியில் ANSWER: என்று போட்டுச் சரியான விடையின் எழுத்து. கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்காவிட்டால் இறக்குமதி தடுக்கி விழும்.

மதிப்பெண் ஏட்டில்தான் கவனம் அதிகம் தேவை. காலியான மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது இதன் இயல்பு. நான்கு அசைன்மென்டில் ஒன்றை மட்டும் கொடுத்து அதில் 9/10 வாங்கியவருக்கு மொத்தம் 90 சதவீதம் என்று காட்டும். அகமதிப்பீடு 25க்கு இதை அப்படியே எடுத்தால் வம்புதான். கொடுக்காதவருக்குப் பூஜ்யம் போடுங்கள், அல்லது அந்த அமைப்பையே அணைத்துவிடுங்கள்.

பாடக்குறிப்பு பிடிஎஃப்களை அடுக்கி வைக்க மட்டும் என்றால் கூகுள் கிளாஸ்ரூமே போதும். இணையவழித் தேர்வு நடத்தும் துறை, நிர்வாகி ஒருவரை ஒதுக்க முடிந்தால், மூடுலைத் தயங்காமல் எடுக்கலாம். ஆசிரியர் பயிற்சியை வினா வங்கியிலிருந்து தொடங்குங்கள். திருத்தும் வேலை குறைவதைப் பார்த்தால் மற்றதை அவர்களே கேட்டுக் கற்பார்கள்.