வேப்பஞ்சாறா, கொய்யா இலையா, எலுமிச்சையா?

ஈரோட்டில் ஒரு பல் மருத்துவர் என் பல்லில் சிவப்புச் சாயம் தடவிக் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். ஊத்தை படிந்த இடத்தில்தான் அந்தச் சாயம் பிடிக்கும். ஒரு வாரமாக இரண்டு வேளையும் வேப்பிலைச் சாற்றில் கொப்பளித்து வந்தவன் நான். கீழ்வரிசை முன்பல்லின் உள்பக்கம் செக்கச்செவேல் என்றிருந்தது.

வேம்பைக் குறை சொல்ல மாட்டேன். சர்க்கரையைத் தின்று அமிலம் கக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமியை அதன் சாறு ஆய்வகத்தில் அடக்குகிறது. ஆனால் ஊத்தை என்பது கிருமிகள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட பிசின் வீடு. வாயில் அரை நிமிடம் அலசும் சாறு அதற்குள் எவ்வளவு இறங்கும்? காங்கேயம் பக்கம் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், இருந்த என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சாறு பிழிந்ததே இல்லை. வேப்பங்குச்சியின் நுனியை மென்று நார்நாராக்கி, ஒவ்வொரு பல்லாகத் தேய்ப்பார். சாறும் இறங்கும், ஊத்தையும் பெயரும். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றதும் குச்சியை வைத்துத்தான்.

குச்சி வேண்டாம், கொப்பளிக்கத்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு கொய்யா இலைக்கு. ஒரு கைப்பிடி கொழுந்தை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவைத்து, ஆறியதும் கொப்பளிக்கலாம். அதன் துவர்ப்புக்குக் காரணம் டானின். கிருமி பல்லில் ஒட்டுவதை அது தளர்த்தும். வேம்பு மாதிரி குமட்டாது என்பதால் வீட்டில் பிள்ளைகளும் முகம் சுளிப்பதில்லை.

கற்றாழை ஈறு எரிச்சலுக்கு இதம், அவ்வளவுதான். மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட்டு எடுக்க வேண்டும்.

எலுமிச்சைதான் வம்பு. கிருமி சாகும், சரி, பல்லும் சேர்ந்து கரையுமே! புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு குறையக் குறையப் புளிப்பு கூடும். எலுமிச்சையின் அளவு 2-ஐ ஒட்டியது, அது 5.5-க்குக் கீழே போனாலே பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கிவிடும். நெல்லிச்சாறும் புளிப்புதான். குடித்தால் வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பிரஷ்ஷை எடுங்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கொப்பளிக்கும் மருந்து? ஊத்தையைத் தடுப்பதில் இந்த இலைகளைவிட அதன் மேல் நம்பிக்கை அதிகம். ஆனால் நாள்பட்டால் பல்லில் பழுப்புக் கறை, நாக்கில் ருசி மாற்றம். அதனால் மருத்துவர் சொன்ன நாள்கணக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இப்போது இரவில் பல் தேய்த்த பிறகு கொய்யாத் தண்ணீர். அந்த முன்பல்லுக்கு மட்டும் பிரஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்தித் தேய்க்கிறேன்.