பட்டறைக்குள் பழுது காட்டாத கார்

"அண்ணே, உங்களிடம் இருப்பதைப் போலவே ஒரு ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் கார் விலை குறைந்து வந்திருக்கிறது, வாங்கலாமா?" என்று அலுவலகத் தம்பி ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. பட்டறைக்குப் பணம் கட்டிய சூடு இன்னும் எனக்கு ஆறவில்லை.

எஞ்சினைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டர்போ இல்லாமல் 1,797 சிசியில் 200 குதிரைத்திறன். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் 5,800-ஐ நெருங்கும்போது ஓசை திடீரென்று மாறும். அதற்குப் பிறகு 8,000 வரை ஏறுகிற ஏற்றத்தை வாய்விட்டுச் சிரிக்காமல் கடந்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை. வெயிலில் நிறுத்திவைத்தால் உலோகக் கியர்க் குமிழ் கையைச் சுடும். சுட்டாலும் கியர் விழுகிற அந்தச் சின்னச் சொடுக்குக்காகவே காரணமில்லாமல் மாற்றிக்கொண்டிருப்பேன்.

இப்படிப்பட்ட கார்தான் வாங்கிய சில வாரங்களிலேயே சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையின் நடுத்தடத்தில் மூச்சை நிறுத்தியது. இருமல் இல்லை, திணறல் இல்லை. ஸ்டியரிங் கனத்தது, பின்னால் லாரி ஹாரன் அடித்தது, எப்படியோ ஓரத்துக்கு ஒதுங்கினேன். விரைவுச்சாலையில் நின்ற வண்டியை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இழுவை வண்டி கட்டணமில்லாமல் அருகிலுள்ள கார் நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். விட்டது. இறக்கிவைத்ததும் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. இழுவை ஓட்டுநர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அதன் பிறகு இதே கதை பலமுறை. சூடேறினால் நிற்கும், ஆறினால் ஓடும், பட்டறைக்குள் போனால் பரம சாது. முதல் மெக்கானிக், பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் மெயின் ரிலேயை மாற்றினார். அவர்மீது குற்றமில்லை, அந்தக் காலத்து ஹோண்டாக்களில் வெப்பத்தால் ரிலேக்குள் இருக்கும் ஈயப் பற்று (சால்டர்) விரிசல் விடுவது ஊரறிந்த விஷயம், எவரும் முதலில் அங்கேதான் கை வைப்பார்கள். ஆனால், நின்ற ஒவ்வொரு முறையும் சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்தால் பின்னிருக்கைக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகி ஓய்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ரிலே செத்திருந்தால் அந்த முனகல் வராது. சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்ததாகப் பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார்.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது ஆர்பிஎம் முள்தான். மைத்துனரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கைப்பேசியில் மீட்டரைப் படம் பிடிக்கச் சொல்லி, நண்பகலில் ஓட்டினேன். ஐந்தாவது கியரில், 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நின்றது. கிளட்சை நான் மிதிக்கவில்லை. சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. பெட்ரோல் வராமல் நின்றிருந்தால் வேகம் குறையக் குறையத்தான் முள்ளும் இறங்க வேண்டும். இதுவோ ஒரே வீழ்ச்சியில் பூஜ்யத்துக்குப் போனது. முள்ளுக்குச் சிக்னல் கொடுப்பது, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னைட்டர். தீப்பொறியை இயக்குவதும் அதுதான், அது செத்தால் முள்ளும் எஞ்சினும் ஒன்றாகப் போகும்.

அந்தப் படத்தைக் காக்கி புக்கிட்டில் ஒரு சீன அங்கிளிடம் காட்டினேன். ஒரு வார்த்தை பேசாமல் எஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மீது வெப்பக்காற்றுத் துப்பாக்கியைப் பிடித்தார். சற்று நேரத்தில் எஞ்சின் அணைந்தது. மூடியைக் கழற்றி, இக்னைட்டரை வெளியே எடுத்துப் பார்த்தால், முந்தைய உரிமையாளர் எப்போதோ போட்ட, பெயரில்லாத மலிவுச் சரக்கு. வெப்பத்தைக் கடத்த அடியில் பூச வேண்டிய வெள்ளைப் பசை ஒரு பொட்டுகூட இல்லை. விளம்பரத்தில் "அனைத்தும் ஒரிஜினல்" என்று எழுதிய புண்ணியவான் அவர்தான்.

ஒரிஜினல் இக்னைட்டர் போட்ட பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை. ஹோண்டா செய்தது எதுவும் பழுதாகவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் என் கோபம் அடங்கவில்லை. வேறு ஊரில் என்றால், கார் இரண்டு மாதம் மூலையில் கிடந்தால் தூசிதான் படியும். இங்கே, காரை வைத்திருப்பதற்காகவே பணம் கட்டி வாங்கும் வாகன உரிமைச் சான்றிதழின் காலம் கரைந்துகொண்டே இருக்கும். என் காருக்கு ஐந்தாண்டுப் புதுப்பிப்பு. அது முடிந்தால் மறுபடி புதுப்பிக்க வழியில்லை, பதிவை நீக்க வேண்டியதுதான். பழைய கார்களைத் தொடர்ந்து வைத்திருக்க விடும் பழங்கார் திட்டத்தில் சேர, காருக்கு 35 வயதாக வேண்டும். 1995-இல் அறிமுகமான டைப் ஆருக்கு அந்த வயது இன்னும் வரவில்லை. இதற்குமேல் வயதுக்கான 50 விழுக்காட்டுக் கூடுதல் சாலை வரி, ஆண்டுதோறும் பரிசோதனை. ஆக, மெக்கானிக்குக் கொடுத்ததைவிட, அவர் ஊகித்துக்கொண்டிருந்த வாரங்களுக்கு நான் கொடுத்ததுதான் அதிகம்.

ஆகவே தம்பி, வாங்க வேண்டாம். இவ்வளவு நல்ல காரைப் பற்றி இப்படிச் சொல்வது அநியாயம் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் இன்றைக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். கேட்கப்போவதில்லை என்றால், விலை பேசுவதற்கு முன் மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.