ஹொரைசான் 202: ரசமட்டத்தோடு ஆறு ஆண்டுகள்

ரஷ்யாவின் கிராஸ்னோகோர்ஸ்க்கில் தயாரான ஹொரைசான் 202 என்ற அகலக் காட்சி (பனோரமா) ஃபிலிம் கேமரா என்னிடம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பேட்டரி கிடையாது, ஒளிமானி கிடையாது, ஃபோகஸ் திருகும் வளையமும் கிடையாது. ஷட்டரை அழுத்தினால் லென்ஸ் பக்கவாட்டில் சுழன்று, உள்ளே வளைவாகப் படிந்திருக்கும் ஃபிலிமின் மீது 120 பாகைக் காட்சியைத் தடவிச் செல்கிறது. ஒரு படத்தின் நீளம் 58 மில்லிமீட்டர். 36 படச் சுருளில் 22 படங்கள்தான் கிடைக்கும்.

முதல் சுருளைக் கழுவக் கொடுத்த லேபில், வழக்கமான 36 மில்லிமீட்டர் அளவு என்று நினைத்துப் பல படங்களை நடுவே வெட்டிவிட்டார்கள். இப்போதும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. அன்றிலிருந்து "வெட்ட வேண்டாம், சுருளாகவே கொடுங்கள்" என்று உறையின் மேல் பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன். வீட்டில் நானே ஸ்கேன் செய்கிறேன்.

வ்யூஃபைண்டருக்குள்ளேயே ஒரு ரசமட்டம் தெரியும். கொத்தனார் சுவரைப் பார்ப்பது போல ஒவ்வொரு படத்துக்கும் அதைப் பார்த்தாக வேண்டும். கேமரா சற்றுக் கீழே சாய்ந்தால் அடிவானம் வில்லாக எழும்பும். மேலே நிமிர்ந்தால் கிண்ணமாகக் குழியும். மட்டமாகப் பிடித்தாலும் நேர்க்கோடுகள் தப்புவதில்லை. பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று, 1914இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தை எடுத்தேன். அம்பு போன்ற பாலம் தொய்ந்த கயிறாக வந்தது. எனக்கு அந்தத் தொய்வு பிடித்திருக்கிறது. கட்டடங்களை எடுப்பவர்களுக்குப் பிடிக்காது.

வெயிலும் ஒரு சிக்கல். ஷட்டரின் அதிகபட்ச வேகம் 1/250 நொடி, லென்ஸின் மிகச் சிறிய துளை எஃப்/16. உச்சி வெயிலில், ஒளியை எளிதில் உள்வாங்கும் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டால் தேவையைப் போல் சுமார் ஒன்றரை மடங்கு ஒளி விழும். கடற்கரைக்கு 100 ஃபிலிம்தான் எடுத்துப் போகிறேன். அடியில் மாட்டும் கைப்பிடியை மறந்தால் விரல்களும் படத்தில் வந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு இதை ஏன் வைத்திருக்கிறேன் என்றால், மனிதர்களுக்காக. சாதாரண அகல லென்ஸில் ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபட்டுப்போகும். இதில் லென்ஸே ஒவ்வொருவர் பக்கமும் திரும்பிப் பார்ப்பதால் அப்படி ஆவதில்லை. பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளில், வீட்டு முற்றத்தில் எல்லோரையும் என்னைச் சுற்றிப் பிறைவடிவில் நிறுத்தினேன். அனைவரும் லென்ஸிலிருந்து ஒரே தூரம். அச்சில் பிறை நேர்வரிசையாகிவிட்டது. நடுவே பாட்டி, எல்லா முகங்களும் ஒரே அளவு.

பல ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாத பெரியப்பாவும் சித்தப்பாவும் பிறையின் இரு நுனிகளில் நின்றார்கள். நான் ரசமட்டம் பார்த்து முடிக்கும்வரை அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நிற்க வேண்டியிருந்தது. அச்சில் இருவரும் வரிசையின் இரு கோடிகளில் இருக்கிறார்கள்.