சூடேறினால் பொறி போகும் பழைய அவுட்போர்டு எஞ்சின்: வாங்கலாமா?

தேங்காய்ப்பட்டணத்தில் வள்ளம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், வள்ளத்தின் பின்புறம் மாட்டும் பழைய 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் அவுட்போர்டு எஞ்சின் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். அதே வகை எஞ்சினைப் பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதெல்லாம் அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே, என்னை அதிகம் படுத்திய இக்னிஷனைப் பற்றி, அதாவது பிளக்கில் தீப்பொறி உண்டாக்கும் ஏற்பாட்டைப் பற்றி, மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அதற்குரிய மரியாதையைச் செய்துவிட வேண்டும். இதற்கு பேட்டரி கிடையாது. தேய்ந்துபோகும் பாயின்ட் என்ற தொடுமுனையும் கிடையாது. கயிற்றை இழுத்ததும் பிளைவீல் என்ற சுழல் சக்கரத்தில் பதித்த காந்தங்கள் சார்ஜ் காயிலைக் கடந்து சுழல்கின்றன. அங்கே பிறக்கும் மின்சாரம் சிடிஐ என்ற மின்னணு இக்னிஷன் பெட்டிக்குள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் சேர்கிறது. பல்சர் காயில் சைகை கொடுக்கும் கணத்தில் அது இக்னிஷன் காயிலுக்குள் பாய்ந்து, பல்லாயிரம் வோல்ட்டாக உயர்ந்து, பிளக்கில் பொறியாகிறது. உப்புக்காற்றிலேயே கிடக்கும் ஓர் இயந்திரத்துக்கு இதைவிட எளிய ஏற்பாட்டைச் செய்ய முடியாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் கெட்டுப்போகும்போது அது நேர்மையாகக் கெட்டுப்போவதில்லை. காலையில் கரையில் நின்று இழுத்தால் உடனே கிளம்பும். கடலுக்குள் போய் நன்றாகச் சூடேறியபின், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், இரண்டு சிலிண்டரிலும் ஒருசேரப் பொறி போய்விடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். ஒரு சிலிண்டர் மட்டும் விட்டிருந்தால் அதன் பிளக்கையோ பிளக் கேப்பையோ சந்தேகிக்கலாம். இரண்டும் ஒன்றாக நின்றால், இரண்டுக்கும் பொதுவான பாகங்களில்தான் தேட வேண்டும். இதை விளக்கிய பிறகும், பட்டறைக்காரர் முதலில் பிளக்குகளை மாற்றினார், அப்புறம் பிளக் கேப்புகளை மாற்றினார், கடைசியில் விலை மிகுந்த சிடிஐ பெட்டியையே மாற்றினார். ஒவ்வொரு முறையும் ஆறிக்கிடந்த எஞ்சினை இழுத்துக்காட்டி, "ஓடுதுல்லா" என்றார்.

காசு செலவில்லாத சோதனையை அவர் தொடவே இல்லை. நிறுத்தும் பொத்தான் செய்கிற வேலை, சார்ஜ் காயிலின் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடுவது மட்டுமே. அந்த ஒயரின் உறை உரசிப்போய் எஞ்சின் உடம்பைத் தொட்டாலோ, பொத்தானுக்குள் உப்பு பூத்துக் கசிவு ஏற்பட்டாலோ, யாரும் அழுத்தாமலேயே எஞ்சின் நின்றுவிடும். பொறி போன நேரத்தில் அந்த ஒயரை சிடிஐ பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, பிளக்கின் உடம்பை எஞ்சினில் நன்றாக எர்த் செய்து, கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். பொறி வந்தால் பழுது பொத்தான் பக்கம் இருக்கிறது. (ஒயரைக் கழற்றிய நிலையில் எஞ்சின் கிளம்பிவிட்டால் பொத்தானுக்கு அடங்காது, சோக்கை இழுத்து மூச்சடைத்துத்தான் நிறுத்த வேண்டும்.) என் எஞ்சினில் அப்படிச் செய்தும் பொறி வரவில்லை.

மிச்சமிருந்தவற்றில் முதலில் பார்த்தது சார்ஜ் காயிலை. ஆறிய நிலையில் மல்டிமீட்டர் அதற்குச் சரியான ஓம் (மின்தடை) அளவையே காட்டியது. அதன் ஒயர்கள் சிடிஐ பெட்டி வரை வருவதால், பிளைவீலைக் கழற்றாமலே, எஞ்சின் நின்றுபோன சூட்டிலேயே மறுபடி அளந்தேன். உள்ளே கம்பி அறுந்திருந்தால் காட்டுவதுபோல் மீட்டர் எண்ணே காட்டவில்லை. ஆற ஆற எண் திரும்பி வந்தது. பிறகு புல்லர் போட்டுப் பிளைவீலை எடுத்துப் பார்த்தபோது, காயிலின் மேல்பூச்சில் மயிரிழை அளவு வெடிப்பும், அதன் ஓரத்தில் செம்பு பச்சை பூத்திருந்ததும் தெரிந்தன. (புல்லருக்குப் பதில் சுத்தியலைத் தூக்குகிறவரிடம் எஞ்சினைக் கொடுக்கவே கூடாது, காந்தம் பெயர்ந்துவிடும்.) புதிய காயிலின் விலை, தேவையில்லாமல் வாங்கிய சிடிஐ பெட்டியின் விலைக்கு அருகில்கூட வரவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

அதன்பின் எஞ்சின் ஒருமுறைகூடக் கடலில் நிற்கவில்லை. சூட்டோடு நிறுத்தி உடனே இழுத்தாலும் கிளம்புகிறது. வேகம் குறையவில்லை, பிளக்கும் உலர்ந்து பழுப்பாக இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் அலை எப்படி எழும்பும், அங்கே எத்தனை வள்ளங்கள் கவிழ்ந்திருக்கின்றன என்பது என்னைவிட அவருக்கே தெரியும். பழைய காயில் அந்த இடத்தில் ஆறட்டும் என்று காத்திருக்க முடியாது.

விலையைப் பார்த்து மனம் கேட்கவில்லை என்றால், பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சின் மூடியைக் கழற்றாமல், அதை அரை மணி நேரமாவது ஓட்டிக்காட்டச் சொல்ல வேண்டும். நிறுத்திய கையோடு மறுபடி இழுக்கச் சொல்ல வேண்டும். விற்பவர் கொஞ்சம் ஆறட்டும் என்று சொன்னால், விலை பேசாமல் திரும்பிவிடலாம்.