எத்தோசக்ஸிமைட் சிரப்: இரண்டு ஆண்டு கொடுக்கும்போது தெரியவருபவை

பிள்ளை பேசிக்கொண்டே இருக்கும். சட்டென்று நிற்கும், கண் ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும், இமை படபடக்கும். பத்து நொடியில் விட்ட இடத்திலிருந்து தொடரும். தோளைத் தட்டினால் திரும்புவது பகற்கனவு. தட்டியும் திரும்பாதது ஆப்சென்ஸ் வலிப்பு. 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும் இந்த வலிப்புக்கு முதலில் கொடுக்க வேண்டியது எத்தோசக்ஸிமைட் என்பதே எங்கள் கணிப்பு.

அமெரிக்காவில் 453 பிள்ளைகளை வைத்து மூன்று மருந்துகளை ஒப்பிட்ட ஆய்வு 2010-இல் வெளியானது. சுமார் நான்கு மாதத்தில் மருந்து பலித்தது எத்தோசக்ஸிமைட் எடுத்தவர்களில் 53%, வால்ப்ரோயேட்டில் 58%, லாமோட்ரிஜினில் 29%. முதல் இரண்டுக்கும் இடையில் இருப்பது பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இல்லை. முடிவைத் தீர்மானித்தது கவனத் திறன் சோதனை: வால்ப்ரோயேட் பிரிவில் 49% பேருக்குக் கவனக்குறைவு தெரிந்தது, எத்தோசக்ஸிமைட் பிரிவில் 33%. பள்ளிக்கூடம் போகிற வயதில் இது சின்ன விஷயமில்லை.

சிரப்பில் வழக்கமான செறிவு 5 மி.லி.க்கு 250 மி.கி.; அதாவது 1 மி.லி.க்கு 50. பாட்டிலில் அதே எண்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். 20 கிலோ பிள்ளைக்கு, கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மி.கி. என்று தொடங்கினால் காலையில் 2 மி.லி., இரவில் 2 மி.லி. பெரும்பாலும் கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 மி.கி.யில் நிலைகொள்ளும்; ஏற்றுவதும் இறக்குவதும் மருத்துவர் கையில். சமையலறைக் கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளப்பதே சரி. கேப்ஸ்யூல் 250 மி.கி., அதைப் பாதியாக்க முடியாது. சிறு பிள்ளைக்கு அளவை மெல்ல ஏற்ற சிரப்தான் தோது.

பிள்ளைகள் உடம்பில் இந்த மருந்து பாதியாகக் குறையச் சுமார் 30 மணி நேரம் ஆகும். அதனால் அளவை ஏற்றினால் முழுப் பலன் தெரிய ஒரு வாரம் பிடிக்கும். மூன்றாம் நாளே 'வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்டுவதில் அர்த்தமில்லை. இன்னொன்று: நாளுக்கு இரண்டு வேளையாகப் பிரிப்பது வலிப்புக்காக அல்ல, வயிற்றுக்காக. வயிற்றுவலி, குமட்டல், வாந்தி, சில பிள்ளைகளுக்கு விடாத விக்கல்: முதல் சில வாரத் தொல்லைகள் இவை. வெறும் வயிற்றில் கொடுக்காமல், சாப்பாட்டோடு கொடுத்தால் பாதி அடங்கும். தூக்கம் கெட்டால் இரவு வேளையைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தோல் தடிப்போ, காரணமில்லாத காய்ச்சலும் தொண்டைப்புண்ணுமோ வந்தால் காத்திருக்கக் கூடாது. அரிதாக இந்த மருந்தால் இரத்த அணுக்கள் குறையும், அதன் அறிகுறியாக இருக்கலாம்.

நீண்ட ஓட்டத்தில் சறுக்கும் இடங்கள் வேறு. பிள்ளை வளர்கிறது, அளவு அப்படியே நிற்கிறது. ஒன்றரை ஆண்டில் 20 கிலோ 25 ஆனால், 400 மி.கி. என்பது கிலோவுக்கு 20-லிருந்து 16-க்கு இறங்கிவிடும். 'மருந்து பழகிப்போச்சு' என்பார்கள், பழகவில்லை, போதவில்லை. எடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்துவையுங்கள். இந்த சிரப் எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது. இரண்டு வாரத்துக்கு மருந்து மீதி இருக்கும்போதே சொல்லிவையுங்கள். திடீரென நின்றால் வலிப்பு திரும்பும்.

வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்பதால் வலிப்பு நின்றுவிட்டதாகாது. மருத்துவமனையில் காகிதக் காற்றாடியை 3 நிமிடம் விடாமல் ஊதச் சொல்வார்கள். மருந்து எடுக்காத பிள்ளைக்குப் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜியில் நொடிக்கு மூன்று முறை கூர்முனையும் அலையுமாகத் தெரியும். அடங்கியதா என்று பார்க்கவும் அதே சோதனைதான். வீட்டில் வேடிக்கைக்குச் செய்யாதீர்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. டிக்டேஷன் நோட்டில் நடுநடுவே விடுபட்ட சொற்களை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், பெற்றோர் கண்ணைவிட நல்ல சாட்சி அது. வலிப்பு முழுதும் நின்ற பிறகும் சில பிள்ளைகளுக்குக் கவனக்குறைவு நீடிக்கிறது. அதைச் சோம்பல் என்று அடித்துத் திருத்த முடியாது, தனியாகச் சோதிக்க வேண்டும்.

இந்த மருந்துக்கு ஒரு பெரிய குறை: கைகால் வெட்டி விழும் பெரிய வலிப்பைத் தடுக்காது. அது ஒருமுறை வந்திருந்தாலும் பேச்சு வால்ப்ரோயேட் பக்கம் போகும். பெண்பிள்ளையானால் பிற்காலக் கர்ப்பத்தில் சிசுவுக்கு வரும் ஆபத்தையும் அப்போதே பேச வேண்டும். வால்ப்ரோயேட்டோடு லாமோட்ரிஜின் சேர்ந்தால், முன்னது பின்னதை உடம்பில் தேக்கிவிடும். லாமோட்ரிஜின் அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றாவிட்டால் கடுமையான தோல் தடிப்பு வரலாம். எல்லாவற்றையும்விட மோசம், கார்பமஸெபைன். மற்ற வலிப்புக்கு நல்ல மருந்துதான். இங்கே வலிப்பை இன்னும் கூட்டிவிடலாம்.

4 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தால் மருந்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன், மூளைக்குக் குளுக்கோஸ் போய்ச் சேராத குறைபாடு இருக்கிறதா என்று தண்டுவட நீரைச் சோதிக்கக் கேளுங்கள். அதற்கு வைத்தியம் கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவு, சிரப் அல்ல.

பொதுவாக, வலிப்பின்றி 2 ஆண்டு கழிந்து, இஇஜியும் சுத்தமாக இருந்தால் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம். நிறுத்துவதும் வாரக்கணக்கில், படிப்படியாக. அதுவரை நீச்சலுக்கும் கிணற்றடிக்கும் கூட ஒரு பெரியவர் வேண்டும்.