ஃபாக்ஸ்புரோவிலிருந்து புது டீலர் சாஃப்ட்வேருக்கு: ஸ்பேர்ஸ் கவுண்டர் அனுபவம்

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு டிராக்டர் டீலரிடம் ஸ்பேர்ஸ் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறேன். 2021 வரை ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மொழியில் எழுதிய புரோகிராமில்தான் எங்கள் ஷோரூம் ஓடியது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்புக்கே மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. இப்போது இருப்பது பிரவுசரில் திறக்கும் புது சாஃப்ட்வேர். மாறியது நல்லதுதான். ஆனால் கவுண்டரில் நிற்பவனின் வேகத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டார்கள். அது சரியாக வெகுநாள் ஆனது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பழையதில் வரி விகிதம் புரோகிராம் கோடுக்குள்ளேயே கிடந்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது எழுதியவரே கிளை கிளையாக வந்து மாற்றினார். அவர் வந்து மாற்றும் வரை கையால்தான் பில். 2025 செப்டம்பர் 22-ல் டிராக்டருக்கு 12 சதவீதம் 5 ஆனது, கிளட்ச் போன்ற பல டிராக்டர் பாகங்களுக்கு 18 சதவீதம் 5 ஆனது. புதியதில் வரி தனி அட்டவணையில், எந்தத் தேதி முதல் என்ற குறிப்போடு இருக்கிறது. காலையில் கடை திறந்தபோது எல்லாம் மாறியிருந்தது. அதற்கு முன்பே வாங்கிய கிளட்ச் பிளேட்டை ஒருவர் மறுவாரம் திருப்பிக் கொண்டுவந்தார். பழைய பில் எண்ணை அடித்ததும் 18 சதவீதத்திலேயே கிரெடிட் நோட் (திருப்பிய சாமானுக்குப் பணத்தைக் கழிக்கும் சீட்டு) வந்தது. 5 என்று போட்டிருந்தால் அவர் கட்டிய வரியில் மிச்சம் போயிருக்கும்.

அப்புறம் பார்ட் நம்பர். மேட்டூர் திறந்து குறுவைக்குச் சேற்றுழவு ஆரம்பித்தால் முன்சக்கர ஹப்பில் சேறு ஏறி ஆயில் சீல் கேட்டு வந்துகொண்டே இருப்பார்கள். கம்பெனி அவ்வப்போது நம்பரை மாற்றும். பழைய நம்பரை அடித்தால் முன்பு ஸ்டாக் பூஜ்யம் என்று காட்டும். எது எதுவாக மாறியது என்பது டிராயரில் இருந்த நோட்டுக்குத்தான் தெரியும். இப்போது பழைய நம்பரை அடித்தாலே புது நம்பர், ரேக், மன்னார்குடி கிளையில் இருக்கிறதா என்பது வரை வந்துவிடுகிறது.

குறை என்றால் வேகம். பழையதில் மவுஸே கிடையாது. விரல் பழகியிருந்தது, திரையைப் பார்க்காமலே பில் போடுவோம். புதியதில் ஒவ்வொரு சாமானுக்கும் பட்டியலைத் திறந்து கிளிக் செய்யச் சொன்னார்கள். அறுவடை நேரத்தில் வயலில் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தவரை இதற்காகக் காக்க வைப்பது கொடுமை. விடாமல் சொன்ன பிறகே கீபோர்டு ஷார்ட்கட் வந்தது.

நெட்டும் அப்படித்தான். 2018 நவம்பரில் கஜா அடித்துக் கரன்ட் இல்லாத நாட்களில் ஜெனரேட்டரில் ஒரே கம்ப்யூட்டரை வைத்து பில் போட்டோம். புதியதில் ஐப்பசி மழையில் லைன் அறுந்தால் கடையே நின்றது. இப்போது நெட் இல்லாமலும் பில் விழுகிறது, நம் ரேக்கில் உள்ள சாமானுக்கு மட்டும். கிளைச் சரக்கை இரண்டு பேர் விற்றுவிடக் கூடாதே, அதனால் அது சரியான கட்டுப்பாடு. ஜி.எஸ்.டி. எண் உள்ள மெக்கானிக் கடைகளுக்கு இ-இன்வாய்ஸ் (அரசு தளத்தில் பதிவாகும் பில்) வேண்டும் என்பதால் அவர்களுக்கு மட்டும் நெட் வந்தாக வேண்டும்.

மாற நினைக்கும் டீலர்கள் டேட்டாவை முதலில் சுத்தம் செய்யுங்கள். ஒரே விவசாயி எங்களிடம் இனிஷியலோடு ஒன்று, இல்லாமல் ஒன்று, ஊர்ப் பெயர் மாறி ஒன்று என்று பல கணக்காக இருந்தார். பெயரை நம்பாமல் சேஸி நம்பரை வைத்துச் சேர்த்த பிறகே ஒரு வண்டியின் முழு சர்வீஸ் வரலாறு கிடைத்தது. ஜூனிலும் தையிலும் மாறாதீர்கள்; சித்திரை, வைகாசிதான் தோது.

இன்னும் ஒன்று பாக்கி. எஸ்.எம்.எஸ். தமிழில் போகிறது, ஆனால் சர்வீஸுக்கு வண்டியை விடும்போது கையெழுத்து வாங்கும் ஜாப் கார்டு இன்னும் இங்கிலீஷில்தான் அச்சாகிறது. என்ன வேலை, எவ்வளவு ஆகும் என்பதை வண்டிக்காரர் தானே படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த அப்டேட்டில் அதைத்தான் கேட்டிருக்கிறோம்.